ஒரு பவர் எழுதப் போன கதை

வழக்கறிஞரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்கு 250 யூரோ, அதன்மேல் 20 சதவீத வரி, ஆக 300 யூரோ. தொலைபேசியில் இந்தத் தொகையைக் கேட்டதும் என் கணவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்தான், ஆனால் செலவு என்று வந்தால் கடலூரில் இருக்கும் என் பெரியப்பாவையே தோற்கடிப்பார். "ஒரு பவர் எழுத முந்நூறா?" என்றார். 'பவர்' (நம் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) என்ற சொல்லை அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் கற்றுக்கொண்டவர்.

விஷயம் இதுதான். 2023-இல் அப்பா காலமானார். பண்ருட்டிப் பக்கம் அவர் பெயரில் இருந்த முந்திரிக் கொல்லையை விற்றுவிடலாம் என்று தம்பி சொன்னான். நான் பாரிசுக்குப் பக்கத்தில் செர்ஜியில் இருக்கிறேன். பத்திரப் பதிவுக்காக நினைத்தபோதெல்லாம் விமானம் ஏற முடியாது. தம்பி பெயருக்கு ஒரு பவர் எழுதி அனுப்பினால் போதும் என்றுதான், இந்திய-பிரெஞ்சுத் தம்பதிகளின் வழக்குகளையே பெரும்பாலும் பார்க்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தைப் பிடித்தேன். சேன்-லாசார் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். மூன்றாவது மாடி. லிஃப்டில் இரண்டு பேர் ஏறினால் இரண்டாமவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், என் ஒருத்தியின் அனுபவத்தை வைத்து யார் பிழைப்பிலும் கை வைக்க விருப்பமில்லை.

இதற்கு முன் இரண்டு இடங்களை முயன்று பார்த்திருந்தேன். எங்கள் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தைப் புதுச்சேரிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டது) முன்பதிவு செய்தால் இலவசமாக ஒரு வழக்கறிஞரைப் பார்க்கலாம். வாடகைத் தகராறு, வேலை நீக்கம் போன்றவற்றுக்கு அருமையான ஏற்பாடு. எனக்குக் கிடைத்த இளைஞர் இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மதாம், இந்தியா என்று நீங்கள் சொன்ன இடத்திலேயே என் படிப்பு முடிந்துவிட்டது" என்றார். நேர்மையான மனிதர். அடுத்தது இணையத்தில் பார்த்த ஒரு சேவை. 4,999 ரூபாய் கட்டினேன், மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு மாதிரிப் பத்திரம் வந்தது. பிரான்ஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் நியூ ஜெர்சி மாநிலம் என்று இருந்தது. யாருக்கோ எழுதியதை எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். திருத்தித் தரச் சொன்னதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆகவே அந்த மூன்றாவது மாடிக்குப் போகும்போது எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் கிடையாது. காத்திருப்பு அறையில் வெள்ளை வேட்டி மாதிரி வெளுத்த சட்டையோடு ஒரு பெரியவர், மடியில் நூல் கட்டிய காகிதக் கட்டு. புதுச்சேரி சொல்தா குடும்பம் (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). 1962 ஆகஸ்டு 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, அங்கே பிறந்து வாழ்ந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் இருந்தது. அவருடைய அப்பா கையெழுத்துப் போட்டார், சித்தப்பா போடவில்லை. இப்போது ஒரே வீட்டுக்கு இரண்டு நாட்டு வாரிசுகள். "பன்னிரண்டு பங்குதாரர்கள் அம்மா, அதில் மூவர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது" என்றார், ஏதோ பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்வதுபோல. என் கொல்லை விவகாரம் திடீரென்று மிகச் சின்னதாகிவிட்டது.

உள்ளே போனதும் வக்கீலம்மா பவர் பற்றிப் பேசவே இல்லை. நான்கு பக்கக் கேள்வித்தாளை நீட்டினார். கணக்கு எழுதும் வேலையில் பதினொரு வருடமாக இருக்கிறேன், படிவங்கள் எனக்குப் பழக்கம். இந்தப் படிவம் வேறு மாதிரி இருந்தது. திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ்? திருமணத்துக்குப் பிறகு முதன்முதலில் குடித்தனம் வைத்தது எந்த ஊரில், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை? அன்று இருவரின் கடவுச்சீட்டும் எந்த நாடு? இன்று? வீடு வாங்கியிருந்தால் யார் பெயரில், எந்த ஆண்டில், தவணையை யார் கட்டினார்கள்? என் கணவர் என் காதில், "நிலம் விற்க வந்தால் நம் முதல் குக்கர் எங்கே வாங்கினோம் என்று கேட்கிறார்களே" என்றார்.

எழுதினோம். 2009 மார்ச்சில் கடலூரில் சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம், முப்பது நாள் நோட்டீஸ் பலகையில் தொங்கி, பெரியப்பா உட்பட ஊரே படித்து முடித்த பிறகு. அப்போது அவருக்குப் புதுச்சேரியில் வேலை. முத்தியால்பேட்டையில் வாடகை வீடு. 2011 ஜூனில் பிரான்ஸ். 2016-இல் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. எனக்கு அப்போது தற்காலிக வேலை என்பதால் வங்கி சொன்னபடி அவர் பெயரில் மட்டும் வாங்கினோம், தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்து போனது. 2022-இல் அதை விற்று, அந்தப் பணத்தைப் போட்டு இப்போதிருக்கும் வீடு. நான் இன்னும் இந்தியக் குடியுரிமையை விடவில்லை.

வக்கீலம்மா பேனாவால் இரண்டு ஆண்டுகளை வட்டமிட்டார்: 2009, 2021. இரண்டாவது ஆண்டை நாங்கள் எழுதவே இல்லை, அவராகவே ஓரத்தில் எழுதிச் சேர்த்தார்.

இந்த ஒரு விஷயத்துக்காகவே முந்நூறு யூரோ தகும். 1992 செப்டம்பர் 1-க்கும் 2019 ஜனவரி 28-க்கும் இடையில் திருமணமாகி, ஒப்பந்தம் எதுவும் எழுதாதவர்களின் சொத்துரிமையைப் பிரான்ஸ் 1978-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையைக் கொண்டு பார்க்கிறது. அதன்படி, எங்களைப் போன்றவர்களுக்குத் தம்பதி முதலில் குடித்தனம் வைத்த நாட்டின் சட்டம்தான் செல்லும். கல்யாணம் எங்கே நடந்தது, தூதரகத்தில் பதிவு செய்தார்களா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். முத்தியால்பேட்டையில் வாடகை கொடுத்த காரணத்தால் எங்களுக்கு இந்தியச் சட்டம், அதாவது அவரவர் சொத்து அவரவருக்கு. ஆனால் அதே உடன்படிக்கையின் ஏழாவது பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது. வேறொரு நாட்டில் பத்து வருடம் வாழ்ந்துவிட்டால், அந்த நாட்டுச் சட்டம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கடிதம் வராது, கையெழுத்து கேட்க மாட்டார்கள். எங்களுக்கு அது 2021 ஜூன். அன்று முதல் சம்பாதிப்பது இருவருக்கும் சரிபாதி. அதற்கு முந்தையது பழைய சட்டப்படியே கிடக்கும். நான் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியிருந்தால் பத்து வருடம்கூட வேண்டாம், வாங்கிய அன்றே மாறியிருக்குமாம்.

இதை எங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2016 குடியிருப்பு தனிச்சொத்துக் காலத்தில் அவர் பெயரில் வாங்கியது, ஆகவே அவருடையது. நான் கட்டிய பாதித் தவணை குடும்பச் செலவு என்ற பெயரில் காற்றோடு போய்விடலாம். 2022 வீடு கூட்டுச்சொத்துக் காலத்தில் வாங்கியது, ஆனால் அதற்குள் போன பெரும் பணம் அவருடைய தனிச்சொத்தை விற்ற பணம். பிரிந்தாலோ ஒருவர் இறந்தாலோ முதலில் அதைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பங்கு போடுவார்கள். பதினைந்து வருடமாக ஒரே உண்டியலில் போட்ட காசு, சட்டத்தின் கண்ணில் மூன்று வெவ்வேறு டப்பாக்களில் கிடந்திருக்கிறது. என் கணவரின் முகம் சிவந்துவிட்டது. ஏதோ அவரே திட்டம் போட்டு என்னை ஏமாற்றியதுபோல, "எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது" என்று தமிழிலேயே சொன்னார்.

2022 பத்திரத்தை எழுதிய நொத்தேர் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. 'ஒப்பந்தமின்றித் திருமணமானவர்கள்' என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தார். இந்த நொத்தேர் என்பவரை நம் ஊர் நோட்டரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கோர்ட்டு வாசல் மரத்தடியில் முத்திரை குத்துபவர் வேறு. இங்கே நொத்தேர் அரசு நியமித்த அதிகாரி, வீட்டுக் கிரயம், திருமண ஒப்பந்தம், வாரிசுப் பங்கீடு எல்லாம் அவர் கையால்தான் ஆகவேண்டும். அப்பேர்ப்பட்டவரே முத்தியால்பேட்டையைக் கேட்கவில்லை என்றால், நமக்கு எப்படித் தெரியும்? தீர்வு ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. இருவரும் நொத்தேர் முன் உட்கார்ந்து, எங்கள் சொத்துகளுக்கு இனி இந்தச் சட்டம்தான், பழையதையும் சேர்த்து இப்படித்தான் என்று எழுதிக்கொள்ளலாம். எழுதிக்கொண்டோம், வேறொரு நொத்தேரிடம்.

இரண்டாவது சந்திப்பு காணொளியில். அதில்தான் இந்த அலுவலகத்தின் உண்மையான பலம் தெரிந்தது. புதுச்சேரியிலிருந்து அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் வழக்கறிஞரும் அதே திரையில் இருந்தார். இரண்டு நாட்டு வக்கீல்களைத் தனித்தனியாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் நாமே சுமந்து போக வேண்டும், பாதி வழியில் பாதி கொட்டிவிடும். இங்கே இருவரும் எங்கள் எதிரிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். நாங்கள் காசு கொடுத்து நாடகம் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தோம்.

சண்டை என் சாவைப் பற்றியது. உயில் எழுதாமல் நான் போய்விட்டால்? பிரான்சில் வாழ்பவள் என்பதால் பண்ருட்டிக் கொல்லை உட்பட எல்லாவற்றுக்கும் பிரெஞ்சுச் சட்டம் என்பது ஐரோப்பிய விதி. எங்களுக்கு ஒரே மகள். கணவர் கால் பங்கை முழுச் சொந்தமாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது மொத்தத்தையும் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையை எடுத்துக்கொள்ளலாம். "இந்திய மண்ணில் இருக்கும் நிலத்துக்கு இந்தியச் சட்டம்தான், யார் எங்கே வாழ்ந்தால் என்ன" என்றார் புதுச்சேரிக்காரர். அதிலும் நான் சிறப்புத் திருமணச் சட்டத்தில் இந்து அல்லாதவரைக் கட்டியவள். ஆகவே எனக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் கிடையாது, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மகளுக்கு மூன்றில் இரண்டு. ஒரே நிலம், இரண்டு கணக்கு, இரண்டுமே சரி.

வழி உண்டு. ஒருவர் தன் குடியுரிமை நாட்டின் சட்டமே தன் சொத்து முழுவதற்கும் செல்லும் என்று உயிலில் தேர்ந்தெடுக்கலாம். இத்தனை வருடமாக விமான நிலையத்தில் நீண்ட வரிசையில் நிற்க வைத்த என் நீலக் கடவுச்சீட்டு முதன்முறையாக எதற்கோ பயன்பட்டது. அதற்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது என்றார் வக்கீலம்மா. பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரே பிள்ளை என்றால் சொத்தில் பாதியை அந்தப் பிள்ளையிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. தேர்ந்தெடுத்த வெளிநாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லாவிட்டால், 2021 நவம்பர் 1 முதல் பிள்ளை இங்குள்ள சொத்திலிருந்து ஈடு கேட்கலாம். என் மகளுக்கு வயது பதின்மூன்று. அவளிடம் இதை இப்போதைக்குச் சொல்வதாக இல்லை.

பெரியப்பா விஷயமும் இதே உரையாடலில் முடிந்தது. "வேற்று மதத்தில் கட்டியவளுக்கு அப்பன் சொத்தில் பங்கு ஏது?" என்பது அவருடைய பதினைந்து வருடப் பாட்டு. அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலம், அம்மா முன்பே போய்விட்டார், மகனும் மகளும் சரிபங்கு, மகள் யாரைக் கட்டினாள் என்பதை அப்பாவின் வாரிசுரிமை கேட்பதில்லை என்று புதுச்சேரி வழக்கறிஞர் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். அந்த இரண்டு வாக்கியத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். தம்பி அதை வாட்ஸ்அப்பில் யாருக்கு அனுப்பினான் என்று எனக்குத் தெரியாது.

ஒரு தோழிக்காகவும் ஒரு கேள்வி கேட்டேன். பிரான்சில் 2017 முதல் பரஸ்பர சம்மத விவாகரத்து நீதிமன்றம் போகாமலே முடிகிறது. இரண்டு வழக்கறிஞர்கள் எழுதிய ஒப்பந்தத்தை நொத்தேர் பதிந்துகொண்டால் சரி. மலிவு, வேகம். ஆனால் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு பேசுவது வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி. நீதிமன்றமே இல்லாத இடத்தில் தீர்ப்பை எங்கே போய்த் தேடுவது? நீதிபதி முன் போகும் வழியையே பிடிக்கச் சொல்லுங்கள் என்றார் புதுச்சேரி வழக்கறிஞர். மூன்று நிமிடம். இதற்குக் காசு வாங்கவில்லை.

இனி குறைகள்.

முதலாவது, நான் எதற்காகப் போனேனோ அந்தப் பவர். இவ்வளவு பெரிய சிக்கலை மோப்பம் பிடித்தவர்கள் சின்ன வேலையில் கோட்டைவிட்டார்கள். என் பிறப்புச் சான்றிதழிலும் வாரிசுச் சான்றிதழிலும் என் பெயருக்கு முன் 'ரா.' என்ற ஓரெழுத்து மட்டும். பிரெஞ்சுப் பதிவேட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஆளே இல்லை என்பதால், 2009-இலேயே அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. இங்கே நான் 'மதாம் ராமலிங்கம்'. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லையில் நின்ற மனிதரை மதாம் ஆக்கிவிட்டார்களே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அலுவலகம் எழுதிய பவரில் நான் மதாம் ராமலிங்கமாகவே இருந்தேன். அதை அப்படியே கொண்டுபோனால் சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார் என்பது கடலூரில் தெருவில் போகிறவருக்கும் தெரியும். இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, பவரையும் திருத்தி, மறுபடி கையெழுத்துச் சான்றுக்கு நாள் வாங்கி, ஐந்து வாரம் போயிற்று.

இரண்டாவது இன்னும் மோசம். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இதை இரண்டு வழக்கறிஞரில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. வாங்குபவர் அமையட்டும் என்று தம்பி அதைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தான். பத்தாவது வாரம், வேறு வேலையாக வந்த பத்திர எழுத்தர் தபால் முத்திரையைப் பார்த்துவிட்டு, "இதை இன்னுமா பூட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டதால் தப்பித்தோம். அவர் வாங்கியது ஐந்நூறு ரூபாயும் ஒரு டீயும். வக்கீலம்மாவிடம் சொன்னபோது வருத்தம் தெரிவித்தார், கேள்வித்தாளோடு கொடுக்கும் குறிப்பில் இனி இதைச் சேர்ப்பதாகச் சொன்னார். சேர்த்தாரா என்று அடுத்து போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

பிறகு, மின்னஞ்சல். கால் மணி நேரக் கணக்கு, வரியோடு 75 யூரோ. 'நன்றி' என்று மட்டும் எழுதினால் இலவசம். 'நன்றி, இன்னொரு சிறு சந்தேகம்' என்று எழுதினால் 75. கட்டண ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், ஏமாற்று இல்லை. ஆனால் முதல் மாதத்தில் நான் மூன்று சிறு சந்தேகப்பட்டேன். ஆகஸ்டில் அலுவலகமே கிடையாது, தானியங்கிப் பதில் வரும். பதினொரு பக்க எழுத்து ஆலோசனைக்குத் தனியாக 1,200 யூரோ, புதுச்சேரிப் பக்கத்துக்கு 30,000 ரூபாய். நொத்தேர் செலவு வேறு.

கொல்லை விற்ற பணத்தை இங்கே கொண்டுவருவது பற்றிச் சொன்னதில் குறையில்லை. என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் வங்கிக் கணக்கு) போட்டு, ஆடிட்டர் சான்றோடு நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை அனுப்பலாம். முந்திரிக் கொல்லைக்கு அந்த வரம்பைக் கேட்டதும் என் தம்பி வெகுநேரம் சிரித்தான். வந்த பணத்தை வீட்டுக் கடனில் கட்டினால் வங்கித் தாளில் தடம் தெரியும்படி கட்டச் சொன்னார்கள். பிறந்த வீட்டுப் பணம் கூட்டுச்சொத்தில் கரைந்தாலும் பின்னால் கேட்டு வாங்கலாம், தடம் இருந்தால்.

போவதா வேண்டாமா என்று கேட்டால்: 2019-க்கு முன் கல்யாணமாகி, ஒரு நாட்டில் குடித்தனம் தொடங்கி இன்னொரு நாட்டில் சொத்து வாங்கியவர்கள் ஒரு முறையாவது போகத்தான் வேண்டும், இவர்களிடம் இல்லாவிட்டால் இரண்டு நாட்டு வழக்கறிஞரையும் ஒரே திரையில் உட்கார வைக்கும் வேறு யாரிடமாவது. முதல் வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். எங்களுடையது ஒரு பழைய பிரஷர் குக்கர் அட்டைப் பெட்டிக்குள் கிடைத்தது. பவர் மட்டும்தான் வேண்டும் என்றால் கடலூர்ப் பத்திர எழுத்தரே போதும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அந்த அரை முழுக்க 2021-ஐ ஓரத்தில் எழுதிய பேனாவுக்கு.

உயில் எழுத அக்டோபரில் மறுபடி போகிறோம். இந்த முறை சந்தேகங்களை நோட்டில் குறித்துக்கொண்டே வருகிறேன், ஏழு சேர்ந்ததும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புவதாக ஏற்பாடு. நேற்று என் கணவர் அவராகவே ஒன்றைச் சேர்த்தார். இப்போது ஆறு இருக்கிறது.